மீன் – அம்மா

என் மருமகனின் நோட்டு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. அக்கா மகன். தூத்துக்குடித் தோணிகளில் பதினோரு வருஷம் ஓடியவன், முதல்முறையாக நீண்ட பாய்மரப் பயணம் ஒன்றுக்குக் கிளம்பும்போது எழுதிய பட்டியல் அதில் இருக்கிறது. படகுக்கு மூன்று பக்கம். கயிறு எத்தனை பாகம், பாய் தைக்க எத்தனை ஊசி, அரிசி எத்தனை கிலோ, ஆச்சி இடித்துத் தரும் இட்லிப் பொடி எத்தனை டப்பா என்று வரிவரியாக. கடைசிப் பக்கத்தின் அடியில் 'வீடு' என்று தலைப்புப் போட்டு மூன்றே வரி. கேஸ் புத்தகம் – தம்பி. எல்.ஐ.சி. – மார்ச். மீன் – அம்மா.

அந்தக் கடைசி வரியால் எங்கள் ஊர்க் குளத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். சொந்த வீட்டுச் சங்கதியை நிகழ்வு ஆய்வு என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அயல் விலங்குகள் ஒரு ஊருக்குள் எப்படி நுழைகின்றன என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தவன் வீட்டிலேயே அது நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் பாசனத்தில், குரும்பூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம்

தோணிக்காரர்களுக்குக் கச்சான் பலமாக வீசும் மாதங்கள் ஓய்வு. காற்று தணிந்ததும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். இப்போது எல்லாத் தோணியிலும் இன்ஜின் உண்டு, பாயும் உண்டு. மருமகன் பாய் வேலையில் கெட்டி. அதைக் கேள்விப்பட்டு, கொச்சியில் நின்ற நாற்பதடிப் படகு ஒன்றின் சொந்தக்காரர் அவனைக் கூப்பிட்டார். படகைச் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டு போக வேண்டும், ஆள் நாலு பேர். கொச்சியிலிருந்து மாலே, அங்கிருந்து நிலநடுக்கோட்டைத் தாண்டி மாலத்தீவின் தென்கோடி அட்டு, அப்புறம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நிலமே தட்டுப்படாத கடல், கடைசியில் செஷல்ஸின் மாஹே தீவு. போய், அங்கே படகை வைத்துப் பராமரித்து, திரும்பி வர ஒன்பது மாதம்.

புரட்டாசியிலிருந்தே அவன் வீட்டில் பாதி ஆளாகத்தான் இருந்தான். சாப்பிடும்போதும் செல்போனில் காற்று வரைபடம். "மாமா, கோடு தாண்டுனா வடமீன் கண்ணுல படாதாமே" என்று ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடியிலிருந்து போன் செய்தான். ஆமாம், துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அது பெரிய விஷயம். தை, மாசியில் வாடை இழுத்துக்கொண்டு போகும், கோட்டுக்குத் தெற்கே வடமேற்குக் காற்று பிடித்துக்கொள்ளும், அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று மார்கழியிலேயே கொச்சிக்குப் போய்விட்டான்.

படகுப் பக்கம்

இந்தப் பகுதியை விரித்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் படகு விஷயத்தில் அவனும் நானும் ஒரு பிழையும் விடவில்லை.

அந்தப் படகு ஒன்றரை வருஷம் கொச்சிக் காயலில் அசையாமல் நின்றிருந்தது. அடிப்பக்கம் முழுக்க ஓடு போல ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு, அதன் மேல் கொத்துக் கொத்தாகச் சின்னச் சிப்பி. படம் அனுப்பி "இது என்ன மாமா, நம்ம பக்கம் பாத்த சிப்பி மாரி இல்லையே" என்றான். நம் பக்கத்துச் சிப்பி இல்லைதான். சென்னை எண்ணூரில் 'காக்கா ஆழி' என்று பேர் வாங்கி மீனவர்களைப் படாத பாடு படுத்தும் அதே தென்னமெரிக்கச் சிப்பி. கொச்சிக் காயலிலும் கொல்லம் அஷ்டமுடிக் காயலிலும் பரவியிருக்கிறது. கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ, கப்பல்கள் நிலைப்புக்காக நிரப்பிக்கொண்டு இன்னொரு துறைமுகத்தில் கொட்டும் தண்ணீரிலோ வந்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்கிற உலக உடன்படிக்கையே 2004-இல் எழுதி 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பாய்ப் படகில் நிலைப்புத் தண்ணீர் கிடையாது. அதன் ஆபத்தெல்லாம் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

கரையேற்றி, சுரண்டி, செம்பு கலந்த பெயிண்ட் அடித்தார்கள். சுரண்டியதைத் தண்ணீரில் தள்ளாமல் தார்ப்பாயில் வாரி வெயிலில் காயப் போட வேண்டும் என்றேன், செய்தான். கடல்நீர் உள்ளே இழுக்கும் குழாய்வாய், சுக்கான் இடுக்கு, நங்கூரச் சங்கிலி கிடக்கும் பெட்டியில் படிந்த சேறு, இவைதான் யாரும் பார்க்காத இடங்கள். அதையும் பார்த்தான். அட்டைப் பெட்டி எதுவும் படகில் ஏறக்கூடாது, அட்டையின் மடிப்புக்குள் கரப்பான் முட்டை இருக்கும் என்பது பாய்ப் படகுக்காரர்களின் பழைய விதி. மளிகை முழுவதையும் கரையிலேயே பிரித்து டப்பாவில் போட்டார்கள். வாழைத்தாரைக் கடல்நீரில் முக்கி எடுத்தார்கள். எலி ஏறாமலிருக்கக் கட்டுக்கயிற்றில் தகர வட்டு மாட்டினார்கள்.

எலியைப் பற்றி அவனுக்கு நான் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். உலகத்தின் தீவுகளில் பாதியைக் காலி செய்த கரிய எலி நம் இந்தியத் துணைக்கண்டத்து ஆள். கப்பலேறிப் போனது. அவன் போகிற வழிக்குத் தெற்கே சாகோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே எலி புகுந்த தீவுகளும் உண்டு, எலி புகாத தீவுகளும் உண்டு. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டார்கள். ஏழு நூற்று அறுபது. பறவை ஆழ்கடலில் மீன் தின்றுவிட்டுத் தீவில் எச்சமிடும். அந்த உரம் மழையோடு பவளப்பாறைக்கு இறங்கும். பாறை மீன் அதனால் வேகமாக வளரும். எலி முட்டையைத் தின்றால் தண்ணீருக்கு அடியில் இருக்கும் மீன் வரைக்கும் பசி எட்டுகிறது.

"அப்பம் நாமதான் அங்க அயல் விலங்கு" என்றான் மருமகன். சரியாகத்தான் சொன்னான். செஷல்ஸில் நம் பச்சைக்கிளி கூண்டிலிருந்து தப்பி மாஹே தீவில் பெருகியது. பக்கத்தில் பிராலின் தீவில் மட்டும் வாழும் அந்த நாட்டுக் கருங்கிளிக்கு அதனால் ஆபத்து என்று துப்பாக்கியும் வலையுமாக இறங்கிப் பல வருஷம் பாடுபட்டு ஒழித்தார்கள். நெல்லையப்பர் கோயில் கோபுரத்தில் உட்கார்ந்திருந்தால் போட்டோ எடுக்கிறோம். அங்கே அதே கிளி குற்றவாளி.

மாஹேயில் அதிகாரிகள் படகில் ஏறிப் பார்ப்பார்கள், மண் ஒட்டிய செருப்பு இருக்கிறதா, உயிருள்ளது ஏதாவது இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள் என்ற பயம் அவனுக்கு இருந்தது. அந்தப் பயம் நல்லது. படகில் ஒரு எறும்பு கூட அவன் கண்ணுக்குத் தப்பவில்லை.

வீட்டுப் பக்கம்

வீட்டின் பின்கட்டில் நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றும் சிமென்ட் தொட்டி ஒன்றும் இருந்தன. சிமென்ட் தொட்டியில் குப்பி மீன்கள், அவற்றால் தொந்தரவில்லை. கண்ணாடித் தொட்டியில் கடைக்காரர் 'டேங்க் கிளீனர்' என்று விற்ற மீன் இரண்டு. வாங்கும்போது விரல் நீளம். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லித் தந்திருக்கிறார். எட்டு வருஷத்தில் ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி. தொட்டியைச் சுத்தம் செய்தது போய், அவற்றின் கழிவைச் சுத்தம் செய்யத் தனியாக மோட்டார் போட்டிருந்தான். மூன்றாவது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை போட்ட அமெரிக்க ஆமை. வாங்கியபோது பத்து ரூபாய்க் காசு அளவு. இப்போது டிபன் தட்டு அளவு, கை நீட்டினால் கடிக்கும்.

அக்காவுக்கு முழங்கால் வலி. வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீர் மாற்ற முடியாது. 'மீன் – அம்மா' என்று எழுதியவன் அம்மாவிடம் கேட்டு எழுதவில்லை. அவளும் பயணம் கிளம்புகிற பிள்ளையிடம் முடியாது என்று சொல்லவில்லை. வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்தாள். அளவு பெரிது, வேண்டாம் என்று போனை வைத்துவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு பையன் ஆமையை மட்டும் கேட்டான், அவன் அம்மா விடவில்லை.

பாளையங்கோட்டையில் இருக்கும் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று சண்டை போட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், மூன்று மாதமாகப் படகின் குழாய்வாயைப் பற்றித் தினம் பேசிய நான் ஒரு நாளாவது தொட்டியைப் பற்றி வாய் திறந்தேனா? எத்தனையோ முறை அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்.

தை அமாவாசை

தை அமாவாசை அன்று காலை அப்பாவுக்குத் தர்ப்பணம் முடிந்து, காக்காய்க்குச் சோறு வைத்தபின், எங்கள் அம்மா (மருமகனுக்கு ஆச்சி) சொல்லியிருக்கிறாள்: "பிள்ள கடலுக்குப் போறான். வாயில்லா சீவனைத் தொட்டிக்குள்ள அடைச்சு வச்சா நல்லாவா இருக்கும்? கொளத்துல விட்டா பொழச்சுக்கிடும். புண்ணியமாப் போகும்."

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அயல் விலங்கைத் தண்ணீரில் விடுகிறவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று பேசுகிறோம். எங்கள் வீட்டில் அதைச் செய்தது பொறுப்பு. பிள்ளை பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று ஒரு உயிரை விடுதலை செய்தார்கள். நல்ல நாள், நல்ல மனசு, பக்கத்தில் நிறைந்த குளம். குளம் நிரம்பி மறுகால் வழியாக வழிந்து முடிந்து பிசான நெல் கதிர் முற்றுகிற நேரம்.

பிளாஸ்டிக் குடத்தில் ஒரு மீனும், சாக்கில் ஆமையும் போயின. இரண்டாவது மீனைப் பிடிக்க முடியவில்லை. அதன் துடுப்பு முள் கொசுவலைத் துணியில் மாட்டிக்கொண்டு, துணியைக் கிழித்து, மறுபடி தொட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது. "அது இருக்கட்டும், அவனுக்கு ஞாபகமா" என்று விட்டுவிட்டார்கள். மதியம் அக்கா அதைச் சிரித்துக்கொண்டே போனில் சொன்னபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

என் கவலைக்குக் காரணம் இதுதான். அந்த மீனின் பூர்வீகம் அமேசான், ஒரினோகோ ஆறுகள். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, கவசம் மாதிரி. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றுச் சுவர் வழியாக மூச்சு விடும். அதனால் வெளியே எடுத்துப் போட்டாலும் மணிக்கணக்கில் சாகாது. பாசியையும் மண்டியையும் தின்பதால் தீனிக்குப் பஞ்சமில்லை. நம் குளத்தில் அதைத் தின்னத் துணியும் ஜீவன் குறைவு. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் இதை விழுங்கப் போன கூழைக்கடாக்கள் முள் தொண்டையில் சிக்கிச் செத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கூழைக்கடா நம் குளங்களிலும் மேய்கிற பறவை.

அதைவிட மோசம், அது முட்டையிடும் விதம். ஆண் மீன் கரைமண்ணைக் குடைந்து வளை தோண்டும். அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. ஆற்றங்கரை என்றால் மண் சரியும், அவ்வளவுதான். நம் குளம் அப்படியா? மண்ணைக் கொட்டி மிதித்துக் கட்டிய கரை. கரைதான் குளமே.

தேடல்

ஆமை நாலாவது நாள் அகப்பட்டது. வெயில் ஏறியதும் படித்துறைக்குப் பக்கத்துப் பாறையில் ஏறிக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு. அதே பாறை நம் ஊர்க் கருப்பு ஓட்டு ஆமை காயும் பாறை. முதல் இரண்டு நாளும் எங்கள் ஆமை நடுவில் கிடந்தது, ஊர் ஆமை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் மனிதன் கையால் தின்றதால் ஆள் வந்தால் ஓடாது. கோழி ஈரலைக் கட்டி ஒரு மூங்கில் கூடையை இறக்கி வைத்தோம், தானாக வந்து ஏறியது.

உதவிக்கு வந்தவர் வீச்சு வலைக்காரர் ஒருவர். மீனுக்கு வலை வீசச் சரி என்றவர், ஆமையைத் தொட மாட்டேன் என்று விலகி நின்றார். "ஆமையத் தொட்டா பாரஸ்ட்காரன் கேஸ் போடுவான் சார்வாள்." நம் ஊர் ஆமைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அவர் பயம் நியாயம். இது வேற ஆமை, சிவப்புப் பட்டையைப் பாருங்கள் என்று காட்டினேன். முன்னங்கால் நகம் நீளமாக இருந்ததால் ஆண் என்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முட்டையைப் பற்றிய கவலை இல்லை.

மீன் அகப்படுகிற பாடாக இல்லை. பகலில் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், ராத்திரிதான் மேயும். மடையைத் திறந்து தண்ணீரை இறக்கச் சொல்லலாமா என்றால், கதிர் முற்றும் நேரத்தில் ஒரு மீனுக்காகக் குளத்தை இறக்கச் சொன்னால் என்னை ஊரைவிட்டுத் துரத்துவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கரையோரமாக வலை வீசுவதென்று முடிவாயிற்று.

இதற்குள் கொச்சியில் மருமகனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "நான் வரட்டா மாமா?" என்றான். கிளம்ப ஆறு நாள்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். "படகுல ஒரு கரப்பானைக் கூட ஏத்தலையே மாமா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

வலையில் வந்தது

மூன்றாவது ராத்திரி வலையில் முதல் முள் மீன் வந்தது. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் அரை அடிதான். எங்களுடையது இல்லை. அடுத்த வீச்சில் இன்னொன்று, அது ஒரு அடி. விடிவதற்குள் ஐந்து. அவற்றோடு கூடை நிறைய ஜிலேபி, கொஞ்சம் கெண்டை, ஒரே ஒரு விரால்.

"இது புதுசு இல்லியே சார்வாள்" என்றார் வலைக்காரர். "பெருவெள்ளம் வந்துச்சுல்லா, அதுக்குப் பொறவு இந்த முள்ளு மீனு தட்டுப்படுது. வலயக் கிழிச்சுப் போடும். நாங்க எடுத்துத் திரும்ப உள்ளதான் வீசுவோம், எவன் திம்பான் இத?"

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைத்தான் சொல்கிறார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த வெள்ளத்தில் குளமும் காலும் ஆறும் வயலும் ஒன்றாகிவிட்டன. எந்த வீட்டுத் தொட்டி, எந்தப் பண்ணைக் குட்டை, எந்தக் குளம் என்ற வித்தியாசமே இல்லை. அதற்கு முன் யாரோ எங்கோ விட்டது அன்றைக்கு எங்கள் ஊருக்கு வந்திருக்கலாம். பிறகும் யாராவது விட்டிருக்கலாம். தென்கால் பாசனத்தில் ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்குப் போய்க் கடைசியில் கடம்பாகுளம் மாதிரிப் பெரிய குளங்களைச் சேரும் அமைப்பு. தண்ணீர் வீணாகாமலிருக்க நம் முன்னோர்கள் கோத்த மாலை அது. தண்ணீர் போகிற வழியில் மீனும் போகும்.

ஐந்தில் பெரியதை வெட்டிப் பார்த்தேன். வயிற்றில் மஞ்சள் முட்டை. தொட்டியிலிருந்து தப்பி எப்படியோ உயிர் பிழைத்துக் கிடக்கிற மீன் என்று சொல்லித் தேற்றிக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. பங்குனியில் தண்ணீர் வற்றியபின் கரையின் உட்பக்கம் கை நுழையும் அகலத்தில் வளைகள் தெரிந்தன, சரிவாக உள்ளே இறங்குபவை. நண்டு வளை அத்தனை அகலமாக இருக்காது. ஒரு முழக்கோலை விட்டுப் பார்த்தேன், முழுசாகப் போனது.

மேலும் நாலு ராத்திரி வீசியதில் ஆறு மீன் கிடைத்தன. அவற்றில் இரண்டு ஒன்றேகால் அடி. எங்கள் மீன் அந்த இரண்டில் ஒன்றா, இன்னும் உள்ளே கிடக்கிறதா, தெரியாது. அக்காவைக் கூட்டி வந்து காட்டினேன். எட்டு வருஷம் தீனி போட்டவள், உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு தம்பி" என்றாள்.

கொல்வது

பிடித்ததை என்ன செய்வது என்று யாரும் எழுதுவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் 'அகற்றப்பட்டன' என்று முடித்துவிடுவார்கள். பிடித்த மீன்களை வாளியில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் சொல்லின் கனம் தெரிந்தது. கரையில் போட்டால் மணிக்கணக்கில் துடிக்கும். கிராம்பு எண்ணெயை வெந்நீரில் அடித்துக் கலக்கி, ஆறவிட்டு, மீன் இருக்கும் வாளியில் ஊற்றினால் முதலில் மயங்கும், அளவு கூடக்கூட மூச்சு நிற்கும். வலி குறைவு. நாட்டு மருந்துக் கடையில் ஆறு குப்பி வாங்கி வந்தேன். கடைக்காரர் பல் வலியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தோம். தொட்டியில் மிஞ்சியிருந்த இரண்டாவது மீனையும் அப்படியே செய்யலாம் என்று சொன்னபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா அதற்கும் மேல்: "நாங்க விட்டது புண்ணியம். நீ படிச்சவன், கொன்னுட்டு வந்து நிக்க." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்குப் பதில் சொல்லப் பார்த்தேன். வளையைப் பற்றி, கரையைப் பற்றி, விராலைப் பற்றி. எல்லாம் சரியான பதில்கள்தான். ஆனால் வாளிக்குள் வாய் திறந்து மூடியதை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. அதனால் குரலை உயர்த்த முடியவில்லை.

இரண்டாவது மீன் இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது. தண்ணீர் மாற்ற வாரம் ஒரு பையனுக்கு நூறு ரூபாய். அதை மருமகன் அனுப்புகிறான்.

எங்கே பிசகினோம்

படகின் அடிப்பக்கம் சுத்தமானதற்குக் காரணம் எங்கள் நல்ல குணம் மட்டுமில்லை. எதிர்க்கரையில் கேள்வி கேட்க ஆள் இருந்தது. குளத்தங்கரையில் யார் கேட்கிறார்கள்? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தியபோது, ஊடுருவும் அயல் இனங்களை இறக்குவதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் பரப்புவதையும் மத்திய அரசு கட்டுப்படுத்தலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். என் அக்கா கையில் குடத்தோடு நடந்த இருநூறு அடித் தூரத்துக்கு அது எட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீரில் மீன் விடுவது நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. கொசுவை ஒழிக்க 1928-இல் கம்பூசியா மீனைக் கொண்டு வந்து இந்தியக் குளம் கிணறுகளில் விட்டது சர்க்கார். அது கொசுப் புழுவோடு தவளைக் குஞ்சையும் தின்றது. 1952-இல் உணவுக்காகத் திலாப்பியாவைக் கொண்டு வந்தார்கள். அதைத்தான் நாம் ஜிலேபி என்று பேர் வைத்து, எங்க ஊர் மீன் என்று குழம்பு வைக்கிறோம். என் அம்மாவுக்கு அது பிறந்த வீட்டு மீன். ஜிலேபி வராத வலையை எங்கள் வலைக்காரர் பார்த்ததே இல்லை. இவர்களிடம் போய் "அயல் மீன் விடக்கூடாது" என்றால், எது அயல் என்று திருப்பிக் கேட்பார்கள். எனக்கே சட்டென்று பதில் வராது.

ஆனால் இந்த நிகழ்வில் நான் திருத்தியிருக்கக்கூடியது ஒன்று உண்டு, அது நேரம். ஐப்பசியில் யோசித்திருந்தால் மூன்று மாதம் கையில் இருந்தது. தூத்துக்குடியிலோ நெல்லையிலோ பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேடியிருக்கலாம். இல்லையென்றால் கொல்வதைப் பற்றியாவது வீட்டில் உட்கார்ந்து பேசி, அம்மாவிடம் திட்டு வாங்கி, ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். கிளம்புகிற வாரத்தில் எந்த வீட்டிலும் யோசனை ஓடாது. பெட்டி கட்டுவார்கள், கோயிலுக்குப் போவார்கள், கையில் மிஞ்சியதை எங்காவது விடுவார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவன் வீட்டிலும், வாடகை வீட்டைக் காலி செய்கிறவன் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும். அந்தக் குளத்தில் கிடைத்த மற்ற மீன்களுக்கும் இப்படி ஒரு கடைசி வாரம் இருந்திருக்க வேண்டும்.

இப்போது

வலைக்காரர் முள் மீன் கிடைத்தால் திரும்ப உள்ளே வீசுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு மீனுக்கு இருபது ரூபாய் நான் தருகிறேன். இந்தக் காசு எத்தனை நாள் ஓடும், என்னோடு நின்றுவிடுமா என்பதெல்லாம் வேறு கேள்வி. வளைகளைக் கோடையில் மண் போட்டு அடைத்தார்கள். மழைக்கு முன் கரையை நடந்து பார்க்க வேண்டும்.

ஆமை பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் சிமென்ட் தொட்டியில் இருக்கிறது. நல்லபடியாக வைத்தால் முப்பது வருஷம் வாழும் இனம். எனக்கு அறுபத்து மூன்று. என் மகளிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவளிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

படகு மாஹே போய்ச் சேர்ந்தது. அதிகாரிகள் ஏறி, அடுக்களைத் தட்டுகளைக் கூடத் திறந்து பார்த்தார்களாம். மருமகன் மறுநாள் வீடியோவில் வந்தான். முகம் கறுத்து, தாடியோடு. ஆமைக்கு என்ன தீனி என்று கேட்டான். கோடு தாண்டிய ராத்திரி வடமீனைத் தேடினானாம், மேகம் இருந்ததாம். அப்புறம் போனைத் திருப்பித் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினான். மரம், மலை, படகு, வெள்ளைப் பறவை.

"மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா? இங்க ஒரு காக்கா கூட இல்ல. கப்பல்ல வந்ததை எல்லாம் சுட்டுட்டாங்களாம்."

நான் ஆமாம் என்றேன். கப்பலேறி வந்த காகம் நம் வீட்டுக் கூரையில் கரைகிற அதே காகம்தான்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "ஆச்சிகிட்ட சொல்லிராதீங்க. அப்பம் அமாவாசைக்கு அங்க யாருக்குடே சோறு வைப்பாங்கன்னு கேப்பா."